பூப் பறிக்கும் ஊரில் கேள்வி தேடிய கதை

எம்.எட். சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் பேராசிரியை வகுப்புக்குள் வந்தார். கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "ம், கேளுங்க" என்றார்.

"என்ன மேடம் கேக்கணும்?" என்றோம்.

"இதைப் பத்தி என்ன தோணுதோ, அதை."

அந்த அறையில் இருந்த எல்லோருமே ஏற்கெனவே ஆசிரியர்கள். பி.எட். முடித்து, ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவர்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பல வருடம் அறிவியல் டீச்சர். ஒரு பிள்ளை பேனாவைக் கீழே போட்டால்கூட அது எந்த விதிப்படி விழுந்தது என்று சொல்லக்கூடியவள். ஆனால் அந்தப் பழத்தைப் பார்த்தபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. கடைசியில் எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் எழுந்து, "இது எந்த யூனிட்ல வருது மேடம்?" என்று கேட்டார். சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

மேடம் கோபப்படவில்லை. "சரி, நாளைக்கும் இதே பழம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அதே பழம். அதற்கு அடுத்த நாளும். அன்றைக்குத்தான் யாரோ ஒருவர், "உள்ள புளிப்பு சரி, தோலு ஏன் கசக்குது?" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தோலில் ஏன் இத்தனை குழி, பச்சை எங்கே போய் மஞ்சள் வருகிறது, விதை ஏன் வழுக்குகிறது, பழம் தனக்காகப் புளிக்கிறதா அல்லது தின்ன வருகிறவனை விரட்டவா. மணி அடித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கான எலுமிச்சம்பழங்களைப் பிழிந்த கை என்னுடையது. அத்தனை பழத்திலும் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அன்று மாலை திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கியபோது மலைக்கோட்டை வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறை. சுற்றிலும் தட்டையான பூமி, நடுவில் இது மட்டும் எப்படி? மற்றதெல்லாம் கரைந்து போய் இது மட்டும் மிஞ்சியதா, இல்லை இதுதான் கீழேயிருந்து கிளம்பி வந்ததா? எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. அந்தக் கேள்வியை அதற்குமுன் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஊரே புதிதாக யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

அந்தப் பைத்தியம்தான் என் ஆய்வுக்குத் தலைப்பாகவும் வந்தது. அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் தாமாகக் கேட்கும் கேள்விகள். ஆசிரியர் கேட்டு அவர்கள் பதில் சொல்வதல்ல; அவர்களுக்கே தோன்றி, அவர்களே கேட்பது. அந்தக் கேள்விகளைச் சேகரித்து, அவை எப்போது, எதனால் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். மேடம்தான் எனக்கு வழிகாட்டி. தலைப்பைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேள்வியே வரலைன்னா?" என்றார். "வராம எங்க மேடம் போயிரும்?" என்று நான் சிரித்தேன்.

வத்தலக்குண்டுக்கு முன்னால், சேவுகம்பட்டிப் பக்கம், ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எனக்குக் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள், கடைசிப் பாடவேளை. தலைமையாசிரியர் நல்ல மனிதர், பதற்றக்காரர். "பாடம் பின்தங்காமப் பாத்துக்கங்க டீச்சர்" என்பதைத் தவிர வேறு நிபந்தனை வைக்கவில்லை. நான் காந்தம் கொண்டு போனேன். பூதக்கண்ணாடி கொண்டு போனேன். பாட்டில் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்து உப்பவைத்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கை தட்டினார்கள், எட்டிப் பார்க்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஆனால் கேள்வி?

"டீச்சர், இதை எழுதணுமா?"

"டீச்சர், மார்ஜின் போடணுமா?"

"பரீட்சைக்கு வருமா டீச்சர்?"

இவைதான். வாரக்கணக்கில் இவை மட்டும்தான். "ஏன், எதுக்குன்னு எதாச்சும் கேளுங்கப்பா" என்று கெஞ்சினால், நான் எதிர்பார்க்கும் கேள்வியை என் முகத்தில் தேடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் சுபாவம். அதை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கம்பியிடம் திட்டிக்கொண்டே திண்டுக்கல் வந்து சேர்வேன்.

மாசி மாதம் பிறந்ததும் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. வரலைன்னா தலைப்பை மாத்திக்கலாம். ஆனா எல்லாம் மறுபடி மொதல்லேருந்து. இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

இன்னும் ஒரு வருடம் என்னிடம் இல்லை. பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஜூனில் வந்து சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று தாளாளர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் திட்டவில்லை. ஆனால் ஒருநாள் சாதம் போட்டுக்கொண்டே, "இம்புட்டுப் பாடு எதுக்கு? இருக்கற வேலைய இப்பிடியே பாத்துட்டுப் போயிறலாம்ல?" என்றார். எனக்கு அழுகை வந்தது. படிப்பு நின்றுபோவதைவிட, அந்த எலுமிச்சம்பழத்துக்கு முந்தைய ஆளாக நான் திரும்பிப் போய்விடுவேனோ என்பதுதான் பயம்.

அந்த வாரம் பள்ளிக்குப் போனபோது பாதி வகுப்பு தூங்கி வழிந்தது. முதல் பெஞ்சில் ஓரமாக உட்காரும் ஒரு பெண், அதிகம் பேசாதவள், கன்னத்தில் கை வைத்தபடியே கண்ணை மூடியிருந்தாள். தட்டி எழுப்பி, "என்னம்மா, ராத்திரி தூங்கலையா?" என்றேன்.

"பூவெடுக்கப் போனோம் டீச்சர். சீசன் ஆரம்பிச்சிருச்சுல்ல."

மல்லிகை. விடியுமுன் மொக்காகவே பறித்துவிட வேண்டும். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வருகிறவர்கள். அவள் விரல்களில் அந்த வாசனை இன்னும் இருந்தது. நான் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், இவர்கள் தினமும் கையில் அள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று உறைத்தது.

"மொக்கு எப்ப விரியும்?" என்றேன்.

"சாயங்காலம்!" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

"அது ஏன்?"

"வெயில் எறங்கிருமுல்ல, இருட்டுனா விரியும்." இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எனக்கும் பெரிதாகச் சந்தேகமில்லை. இருந்தாலும் மறுநாள் காலை பூக்கடையில் ஒரு பை மொக்கு வாங்கி, பாதியைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். மீதியைப் பிஸ்கட் டின்னில் போட்டு, கறுப்புத் துணியால் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இருட்டுதான் காரணம் என்றால் பீரோவில் இருப்பது முதலில் விரிந்தாக வேண்டும். மத்தியானம் திறந்து பார்த்தேன், ஒன்றும் விரியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜன்னலில் இருந்தவை இதழ் பிரிய ஆரம்பித்தன. ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தேன். டின் மூடியை எடுத்ததும் வாசனை முகத்தில் மோதியது. உள்ளேயும் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன, ஜன்னலில் இருந்தவற்றோடு ஒன்றாகச் சேர்ந்து.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செடியிலிருந்து பிரித்தாயிற்று. வேர் இல்லை, வெயில் இல்லை, காற்று இல்லை. பீரோவுக்குள் யார் போய் மணி அடித்தது? உயிருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் நானே நடத்தியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண் கேள்வி. அது இப்படி என் மடியில் வந்து மணக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அடுக்களையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

இதையே வகுப்பில் செய்வது என்று முடிவு செய்தேன். எனக்கு அனுமதித்த வகுப்புகளில் கடைசி வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இருட்டும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் ஒரே ஒருநாள் ஒத்துக்கொண்டார், பெற்றோர் வந்து கூட்டிப்போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேடமும் பார்க்க வருவதாகச் சொன்னார். பிள்ளைகளிடம், "ஆளுக்கு ஒரு கைப்பிடி மொக்கு கொண்டாங்க. கெட்டுப்போகாம நல்லபடியாப் பாத்து வைங்க" என்று மட்டும் சொன்னேன். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வியப்பு போய்விடுமே என்ற கெட்டிக்காரத்தனம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் மேடமும் பஸ்ஸில் போய் இறங்கினோம். மொக்குகள் வாழை இலைப் பொட்டலங்களாக மேசைமேல் தயாராக இருந்தன. தொட்டால் சில்லென்று இருந்தன. ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். பாதியைத் தாம்பாளத்தில் தாள் விரித்துப் பரப்பி ஜன்னலில் வைத்தோம். மீதியை டின்னில் போட்டுக் கறுப்புத் துணியால் சுற்றினோம். பரப்புவதையும் சுற்றுவதையும் பையன்கள் பிடிவாதமாகத் தாங்களே செய்தார்கள். "எது முதல்ல விரியும்?" என்று கேட்டு வைத்தேன். "டின்னுதான்" என்றார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

பிறகு காத்திருந்தோம். பாட்டு, விடுகதை, ஓட்டன்சத்திரம் சந்தைக்கு லோடு ஏற்றிப் போகும் தன் அப்பாவைப் பற்றி ஒரு பையன் சொன்ன வேடிக்கைகள் என்று நேரம் போயிற்று. மேடம் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்தது. தாம்பாளத்தில் ஓர் அசைவும் இல்லை. மேற்கே மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. பெற்றோர் ஒவ்வொருவராக மைதானத்துக்கு வர ஆரம்பித்தார்கள். நான் தாம்பாளத்தின்மேல் குனிந்தேன். காலையில் பறித்தபடியே, இறுக மூடி, பல்வரிசைபோல் கிடந்தன எல்லாம். டின்னைத் திறந்தேன், அதிலும் அப்படியே. மேடத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் வகுப்பு குதித்தது.

"பாத்தீங்களா டீச்சர்! ஒண்ணுகூட விரியல!"

அவர்கள் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எப்பிடிப்பா?" என்றேன். ஒரு பையன் தாம்பாளத்தில் விரித்திருந்த தாளைத் தூக்கிக் காட்டினான். அடியில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி. டின்னுக்குள்ளும் ஒன்று. காலையிலிருந்தே மொக்குகள் ஐஸில்தான் இருந்திருக்கின்றன. அவனுடைய மாமா பூவை ஐஸ் வைத்துப் பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிறவர். அவரிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான்.

"நீங்கதான டீச்சர் கெடாம வைக்கச் சொன்னீங்க? விரிஞ்சா போச்சுல்ல, எவன் வாங்குவான்?"

உண்மைதான். அந்த ஊரில் விரிந்த மல்லிகை என்றால் நட்டம். மொக்கை மொக்காகவே காப்பாற்றுவதுதான் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை. நான் விரிவதைக் காட்ட ஒரு நாளை முழுதாகச் செலவழித்தேன். அவர்கள் என்மேல் இருந்த பிரியத்தில், விரியாமல் இருக்க அதே நாளை முழுதாகச் செலவழித்திருக்கிறார்கள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் கண்ணெதிரே கரைந்து போயிற்று. "சரி, கெளம்புங்கப்பா. எல்லாரும் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றேன்.

அப்போதுதான் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து வந்தாள். கடைசி வகுப்பு என்பதால் எனக்குக் கொடுக்க அவளாக ஒரு சரம் கட்டி வைத்திருந்தாளாம். அவள் வீட்டுத் தோட்டத்துப் பூ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கட்டி, கழுவித் துடைத்த டிபன் பாக்ஸில் போட்டு மூடிப் பைக்குள் வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்தாள். வாசனை கடைசி பெஞ்சுவரை போயிற்று. மேடம் எழுந்துவிட்டார்.

சரம் முழுவதும் விரிந்திருந்தது. மூடிக்கு அடியில், கும்மிருட்டில், ஒன்று விடாமல்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, விரிஞ்சிருச்சு டீச்சர். மணி அடிக்கறப்பப் பாத்தேன், மொக்காத்தான் இருந்துச்சு. நீங்க பஸ்ஸுல போறப்பத் தலையில விரியட்டும்னு நெனச்சேன்" என்று கண் கலங்கினாள்.

நான் வாய் திறப்பதற்குள் ஐஸ் பையன் முன்னால் வந்து டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தான். அதைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்குவதை நான் பார்த்தேன். அந்த நெற்றியை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"மத்தியானத்துலேருந்து உள்ள இருட்டுதானே இருந்துச்சு? அப்பவே விரியாம, சாயங்காலம்னு அதுக்கு எப்பிடி டீச்சர் தெரிஞ்சுச்சு?"

யாரும் கேட்கச் சொல்லவில்லை. என் முகத்தையும் அவன் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் இன்னொருத்தி, "அப்ப ஐஸ்ல இருக்கறதுக்கு மட்டும் ஏன் தெரியல? தூங்குதா?" என்றாள். "ஐஸை இப்ப எடுத்துட்டா இன்னைக்கே விரியுமா, இல்ல நாளைச் சாயங்காலம் வரைக்கும் இருக்குமா?" என்று வேறொருவன். "முல்லையும் இதுவும் ஒரே நேரமா?" "மூடி வச்ச டப்பாக்குள்ள ஆரு மோந்து பாக்க வருவான்னு அது மணக்குது?"

கிளம்பச் சொன்ன பிள்ளைகள் கிளம்பவில்லை. மைதானத்தில் இருந்த பெற்றோர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஓர் அம்மா வெளியே நின்றபடியே, "கட்டாம உதிரியா வச்சா வெரசா விரியுதே, அது ஏன்னு கேளுடா" என்று மகனுக்கு எடுத்துக்கொடுத்தார். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கேள்விகளைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டியவள். பேனா எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. மேடம் குறித்துக்கொள்வார் என்று திரும்பினால், அவர் ஐஸிலிருந்து ஒரு மொக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைபோல.

இத்தனை வாரம் இந்தக் கேள்விகள் எங்கே இருந்தன? நான் எதையும் செய்யவில்லை. செய்ய நினைத்தது எதுவும் நடக்கவும் இல்லை. ஆனாலும் வந்துவிட்டன, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. அந்தக் கணத்தில் எனக்குப் பட்டமும் தேவைப்படவில்லை, ஜூனும் நினைவில்லை. மனிதர்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதே, அதுவே பெரிய அதிசயம் என்று நின்றேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அவ்வளவு இரைச்சலிலும் முதல் பெஞ்சுப் பெண் மட்டும் சரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நாம பறிச்சுட்டோம்ல. அது இன்னும் பூவுக்குத் தெரியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார், தனக்கும் தெரியாது என்பதுபோல. விரிவதற்கான வேலையெல்லாம் அந்த மொக்குக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றைச் செடியிலிருந்து பிரித்த பிறகும் அது தன் சாயங்காலத்துக்காகக் காத்திருந்து, விரிந்து, மணக்கிறது. அவள் கேட்டது அதை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் ஏமாந்தமாதிரித் தெரியவில்லை. சரத்தை என் கையில் வைத்தாள்.

"அப்பத் திங்கக்கெழமை பாப்பமா டீச்சர்?"

எனக்குக் கொடுத்த வகுப்புகள் அன்றோடு முடிந்துவிட்டன. ஆய்வுக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.

"வாரேன்" என்றேன்.